கோடு கிழிப்போர் கையில் வாக்கு: வட கரோலினாவின் காங்கிரஸ் தொகுதிகள்

2012ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநில மக்கள், வொஷிங்டனிலுள்ள பிரதிநிதிகள் சபைக்குத் தமது 13 அங்கத்தவர்களைத் தெரிவு செய்ய வாக்களித்தனர். 13 தொகுதிகளிலும் அளிக்கப்பட்ட வாக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது ஜனநாயகக் கட்சி 50 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவும், குடியரசுக் கட்சி 49 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் பெற்றிருந்தன. ஆசனங்களோ குடியரசுக் கட்சிக்கு 9, ஜனநாயகக் கட்சிக்கு 4. கூடுதல் வாக்குப் பெற்ற கட்சிக்கு, மற்றக் கட்சியின் ஆசனங்களில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

வாக்குப் பெட்டிகள் மாற்றப்பட்டதாகவோ எண்ணிக்கையில் தவறு நிகழ்ந்ததாகவோ எவரும் கூறவில்லை. வாக்களிப்பு ஒழுங்காகவே நடந்தது. தேர்தலின் முடிவு அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, மாநிலத் தலைநகரான ராலேயில், ஒரு கணினித் திரையின் மீது எழுதப்பட்டுவிட்டது.

இதனை விளங்கிக்கொள்ள அமெரிக்க முறையின் ஓர் அம்சத்தை அறிந்திருத்தல் வேண்டும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை குடிசன மதிப்பீடு நடைபெறுகின்றது. அதன் பின்னர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய ஆசனங்களின் தொகை நிர்ணயிக்கப்படுகின்றது. தொகுதிகளின் எல்லைகளை வரைவது யார்? எமது நாட்டில் சோல்பரி யாப்பின் காலத்திலிருந்தே அதற்கென ஓர் ஆணைக்குழு உண்டு. அந்த ஆணைக்குழுக்களைப் பற்றி எமக்கிருந்த மனக்குறைகள் வேறு விடயம். அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்களில் மாநிலச் சட்டசபையே எல்லைகளை வரைகின்றது. அதாவது, தேர்தலில் போட்டியிடும் கட்சிகளுள் சட்டசபையில் பெரும்பான்மை பெற்ற ஒன்று வரைகின்றது. வட கரோலினாவில் இன்னுமொரு வசதியும் இருக்கின்றது. அம்மாநில ஆளுநருக்கு 1996 வரை எந்தச் சட்டமூலத்தையும் நிராகரிக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அவ்வாண்டு அந்த அதிகாரம் வழங்கப்பட்டபோதும் தொகுதி எல்லைச் சட்டமூலங்களுக்கு விதிவிலக்கு அளித்துவிட்டார்கள். ஆளுநர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும் அவர் கைகட்டிப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் கலைக்கு அமெரிக்கர் வைத்த பெயர் ஜெரிமாண்டர். 1812இல் மசாசூசெற்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட தொகுதிப் படத்தில், ஒரு தொகுதி சலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியை ஒத்திருந்தது. பொஸ்டன் பத்திரிகையொன்று அதற்கு இறக்கையும் நகமும் வரைந்து கேலிச் சித்திரமாக வெளியிட்டது. ஆளுநரின் பெயரும் பிராணியின் பெயரும் ஒட்டிக்கொண்டன. ஜெரி பின்னர் உப ஜனாதிபதியாகவும் ஆனார். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்தப் பல்லியினால்தான். பத்திரிகைக்காரனின் பேனாவுக்கு இப்படியும் ஒரு வலிமை உண்டு.

வழிமுறைகள் இரண்டே. எதிரணி வாக்காளரைச் சில தொகுதிகளுக்குள் நெருக்கி அடைத்துவிடுவது ஒன்று. அங்கே அவர்கள் தேவைக்கு மிஞ்சிய வாக்குகளால் வென்று, அந்த மிச்ச வாக்குகளை வீணாக்குவார்கள். எஞ்சியோரைப் பல தொகுதிகளிலும் சிதறடித்து எங்கும் சிறுபான்மையாக்குவது மற்றது. 2012இல் வென்ற நான்கு ஜனநாயகக் கட்சியினருள் மூவர் 70 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளால் வென்றனர். நான்காமவர் வென்றது 654 வாக்குகளால். அந்த மூவரின் பெருவெற்றிதான் அவர்களது கட்சியின் தோல்வி.

இந்த மாநிலத்தில் இக்கலை புதிதல்ல. அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் முடிவுற்று ஏழாண்டுகளின் பின்னர், 1872இல், வெள்ளையரின் ஆதிக்கத்தை மீட்க முனைந்த அன்றைய ஜனநாயகக் கட்சிச் சட்டசபை வட கரோலினாவின் 2ஆவது காங்கிரஸ் தொகுதியைப் புதிதாக வரைந்தது. ஹாலிஃபாக்ஸ், வாரன், எட்ஜ்கம் முதலிய கிழக்குக் கவுண்டிகளில் பருத்தித் தோட்டங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களை ஒரே தொகுதிக்குள் அடைத்துவிட்டால், சுற்றியுள்ள தொகுதிகள் தமக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்பது கணக்கு. அது ‘கறுப்பு இரண்டாவது’ எனப் பெயர் பெற்றது. இங்கே இளைய வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: லிங்கனின் கட்சி என்ற வகையில் கறுப்பின மக்கள் அந்நாளில் குடியரசுக் கட்சியையே ஆதரித்தனர். இரு கட்சிகளும் இவ்விடயத்தில் இடம் மாறியது இருபதாம் நூற்றாண்டில்.

எதிரிகள் வரைந்த அந்தச் சிறைத் தொகுதியே கறுப்பின மக்களுக்கு ஒரு கதவாகவும் அமைந்தது. ஜோன் ஹைமன், ஜேம்ஸ் ஓஹாரா, ஹென்றி சீத்தம், ஜோர்ஜ் ஹென்றி வைட் ஆகிய நால்வர், கறுப்பினத்தவர்கள், அத்தொகுதியிலிருந்து காங்கிரசுக்குச் சென்றனர்.

இவர்களுள் கடைசியானவரான வைட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். 1852இல் பிளேடன் கவுண்டியில் பிறந்தவர். ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் கற்று, ஆசிரியராகி, சட்டத்தரணியாகி, 1896இலும் 1898இலும் தெரிவு செய்யப்பட்டவர். 1900இல் ஆட்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் கொடுமையைச் சமஷ்டிக் குற்றமாக்கும் சட்டமூலத்தைச் சபையில் கொண்டுவந்தார். அது குழுநிலையிலேயே புதைக்கப்பட்டது. அவர் சபையில் இருந்த அந்த நான்கு ஆண்டுகளுக்குள் அவரது சொந்த மாநிலத்தில் நடந்தவை பயங்கரமானவை.

1894இலும் 1896இலும் குடியரசுக் கட்சியும், ஏழை வெள்ளை விவசாயிகளின் மக்கள் கட்சியும் கூட்டுச் சேர்ந்து ஜனநாயகக் கட்சியைத் தோற்கடித்திருந்தன. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அணியில் வாக்களித்தால் என்ன ஆகும் என்பதை அத்தேர்தல்கள் காட்டின. அதற்கான பதில் 1898இல் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 10ஆம் திகதி வில்மிங்டன் துறைமுக நகரில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல், தெரிவு செய்யப்பட்ட நகர நிர்வாகத்தைப் பலவந்தமாகக் கலைத்தது. கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர். அலெக்சாண்டர் மான்லி நடத்திய ‘டெய்லி ரெக்கோர்ட்’ என்னும் கறுப்பினப் பத்திரிகையின் காரியாலயம் எரிக்கப்பட்டது. எரிந்த கட்டிடத்தின் முன் துப்பாக்கிகளுடன் நின்று அக்கும்பல் படமும் எடுத்துக்கொண்டது. பத்திரிகைக் காரியாலயம் ஒன்று எரிவதன் பொருளை, 1981இல் நூலகத்துடன் ‘ஈழநாடு’ பணிமனையும் எரியக் கண்ட யாழ்ப்பாணத்து வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

1900இல் மாநில யாப்புத் திருத்தப்பட்டது. எழுத்தறிவுப் பரீட்சையும் தலைவரியும் வாக்குரிமைக்கு நிபந்தனைகளாகின. எழுத்தறிவற்ற வெள்ளையர் என்ன செய்வது? 1867 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் வாக்குரிமை பெற்றிருந்தவரின் வழித்தோன்றல்களுக்குப் பரீட்சை இல்லை என்று ஒரு வாசகத்தைச் சேர்த்தனர். அந்தத் திகதியில் கறுப்பின மக்களுக்கு அம்மாநிலத்தில் வாக்கு இல்லை. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த கறுப்பின வாக்காளர் தொகை சில ஆயிரங்களாகச் சுருங்கியது. எல்லைக் கோடு போதாது என்று கண்டபோது வாக்காளர் இடாப்பிலேயே கைவைத்தார்கள். 1948, 1949 சட்டங்களினால் மலையகத் தமிழர் குடியுரிமையையும் வாக்கையும் இழந்து, 1947இல் தமது பிரதிநிதிகள் வென்ற ஏழு ஆசனங்களும் கைவிட்டுப் போனதை அறிந்தவர்களுக்கு இந்த வழி பரிச்சயமானதே.

வைட் 1900 தேர்தலில் போட்டியிடவில்லை. வட கரோலினாவில் இருந்துகொண்டு மனிதனாகவும் வாழ முடியாது என்ற கருத்தை அவர் வெளிப்படையாகக் கூறினார். 1901 ஜனவரி 29ஆம் திகதி சபையில் அவர் ஆற்றிய பிரியாவிடை உரை, கறுப்பின மக்கள் ஒருநாள் மீண்டும் அச்சபைக்கு எழுந்து வருவார்கள் என்ற முன்னறிவிப்புடன் அமைந்தது. அவருக்குப் பின்னர் 28 ஆண்டுகள் அச்சபையில் ஒரு கறுப்பினத்தவர்கூட இருக்கவில்லை. 1929இல் ஆசனத்தில் அமர்ந்தவர் சிக்காகோவிலிருந்து வந்தார். தென் மாநிலங்களிலிருந்து அடுத்தவர் செல்ல 1972 தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வட கரோலினாவிலிருந்தோ 1992 வரை.

1992இல் எப்படி நடந்தது? அதற்கும் ஒரு கோடுதான் காரணம். 1965இன் வாக்குரிமைச் சட்டத்தின்படி, பழைய பாகுபாட்டுக் குற்றம் புரிந்த பிரதேசங்கள் தமது தேர்தல் ஏற்பாடுகளை மாற்றும்போது நீதித் திணைக்களத்தின் அனுமதியை 2013 வரை பெறவேண்டியிருந்தது. வட கரோலினாவின் 100 கவுண்டிகளுள் 40 அவ்வாறானவையாக இருந்தன. 1990 குடிசன மதிப்பீட்டின் பின்னர் மாநிலத்துக்கு 12 ஆசனங்கள் கிடைத்தன. மாநில மக்களுள் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர். சட்டசபை கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி ஒன்றை மட்டும் வரைந்து அனுப்பியது. திணைக்களம் இரண்டு வரையலாமே என்று திருப்பி அனுப்பியது. அச்சட்டசபையில் அப்போதும் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மை. தமது வெள்ளையின அங்கத்தவர்களின் தொகுதிகள் கெடாமல் இரண்டாவதை எங்கே வரைவது என்று யோசித்தார்கள். விடையாகப் பிறந்ததுதான் புகழ்பெற்ற 12ஆவது தொகுதி.

டேர்ஹாம் நகரிலிருந்து சார்லட் வழியாக, 85ஆம் இலக்க நெடுஞ்சாலையை ஒட்டி, 160 மைல் நீளத்துக்கு அது நெளிந்து சென்றது. பல இடங்களில் அதன் அகலம் நெடுஞ்சாலையின் அகலத்துக்கு மேலில்லை. காரின் இரு கதவுகளையும் திறந்துவைத்து அச்சாலையில் ஓட்டினால் அத்தொகுதி வாக்காளரில் பெரும்பாலோர் அடிபட்டுப் போவார்கள் என்று மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னது, பின்னர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. 1992இல் அங்கே மெல் வாட் வென்றார். வடகிழக்கின் 1ஆவது தொகுதியில் ஈவா கிளேட்டன் வென்றார். வைட்டின் பழைய கவுண்டிகள் பல இந்த 1ஆவது தொகுதிக்குள்தான் இருந்தன.

மறு ஆண்டே, ஷோ எதிர் ரீனோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பிரிவில், இத்தகைய விசித்திர உருவத் தொகுதி இன அடிப்படையைத் தவிர வேறெதனாலும் விளக்க முடியாததாயின் அது யாப்பு மீறலாகலாம் எனத் தீர்ப்பளித்தது. 1996, 1999, 2001 எனப் பத்தாண்டு முழுவதும் அந்த ஒரே தொகுதி அந்நீதிமன்றத்தின் வாசலில் நின்றது. 2001இல் முடிவாகச் சொல்லப்பட்டதன் சாராம்சம் இது: இனத்தைப் பார்த்துக் கோடு கிழித்தால் குற்றம், கட்சியைப் பார்த்துக் கிழித்தால் அரசியல். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களில் பத்தில் ஒன்பது பேர் ஒரே கட்சிக்கு வாக்களிக்கும்போது இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நீதிமன்றம் திறந்துவைத்த இந்த இடைவெளிக்குள்ளால்தான் பின்னர் வந்தவர்கள் எல்லோரும் நுழைந்தார்கள்.

2010இல் ஒரு நூற்றாண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பின்னர் குடியரசுக் கட்சி சட்டசபையின் இரு சபைகளையும் கைப்பற்றியது. எல்லை வரையும் பணி தோமஸ் ஹொஃபலர் என்னும் நிபுணரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1ஆவது, 12ஆவது தொகுதிகளில் கறுப்பின வாக்காளரின் வீதம் மேலும் கூட்டப்பட்டு 50ஐத் தாண்டியது. வாக்குரிமைச் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறோம் என்பது சொல்லப்பட்ட நியாயம். அத்தொகுதிகளில் கறுப்பின வேட்பாளர்கள் அதற்கு முன்னரும் இலகுவாகவே வென்றுவந்தார்கள். 1872இன் கணக்கு, 1965இன் சட்டத்தைப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்தது என்றே எமக்குத் தோன்றுகின்றது. விளைவைக் கட்டுரையின் தொடக்கத்தில் கண்டோம்.

2016 பெப்ரவரியில் சமஷ்டி நீதிமன்றம் இவ்விரு தொகுதிகளையும் இன அடிப்படையிலானவை என நிராகரித்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அந்நீதிமன்றத்தின் ஒரே கறுப்பின நீதியரசரும் கடும் பழைமைவாதியுமான கிளாரன்ஸ் தோமஸ்கூடப் பெரும்பான்மையுடன் சேர்ந்துகொண்டார். இதற்கிடையில் சட்டசபை புதிய படத்தை வரையக் கூடியது. அப்பொழுது பொறுப்பாக இருந்த உறுப்பினர் டேவிட் லூவிஸ், இம்முறை இனத் தரவுகளைப் பார்க்கப் போவதில்லை, கட்சி நலனை மட்டுமே பார்ப்போம் என்று பகிரங்கமாக அறிவித்தார். 10 ஆசனங்கள் தமக்கும் 3 எதிரணிக்கும் வருமாறு வரையப் போவதாகவும், 11க்கு 2 என வரைவது சாத்தியமில்லாதபடியால்தான் 10க்கு 3 என்றும் அவர் சொன்னார். அரசியல்வாதிகளிடம் இத்தகைய ஒளிவுமறைவின்மையைக் காண்பது அரிது. அது நேர்மையல்ல, 2001 தீர்ப்பின்படி சட்டப் பாதுகாப்பு. அவ்வாண்டு நவம்பரில் மாநில மக்கள் ஜனாதிபதிக்கு டொனால்ட் டிரம்பையும் ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் ரோய் கூப்பரையும் தெரிவு செய்தார்கள். காங்கிரஸ் ஆசனங்கள் சொன்னபடியே 10க்கு 3.

அந்தப் படத்தின் கோடு ஒன்று கிரீன்ஸ்பரோ நகரிலுள்ள வட கரோலினா விவசாய, தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகச் சென்றது. நாட்டின் மிகப் பெரிய கறுப்பினப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று அது. 1960 பெப்ரவரி முதலாந் திகதி வூல்வேர்த் கடையின் வெள்ளையருக்கான உணவு மேசையில் அமர்ந்து, நாடெங்கும் ஓர் இயக்கத்துக்கு வித்திட்ட நான்கு மாணவர்களும் அங்கே படித்தவர்கள். விடுதியின் இந்தப் பக்கம் 6ஆவது தொகுதி, அந்தப் பக்கம் 13ஆவது. மாணவர்களின் வாக்கு இரு குடியரசுக் கட்சித் தொகுதிகளில் கரைந்துபோனது.

2018இல் வேறொரு விதமான கதை. 9ஆவது தொகுதியில் குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ் 905 வாக்குகளால் முன்னின்றார். மாநிலத் தேர்தல் சபை முடிவை உறுதிப்படுத்த மறுத்தது. ஹாரிஸுக்காக வேலைசெய்த மெக்ரே டௌலஸ் என்பவரின் ஆட்கள், வாக்காளரின் வீடுகளுக்குச் சென்று தபால் மூல வாக்குச்சீட்டுகளைச் சேகரித்தது விசாரணையில் வெளிவந்தது. மாநிலச் சட்டப்படி அது குற்றம். அந்த ஆளைப் பற்றித் தந்தையை முன்கூட்டியே எச்சரித்ததாக வேட்பாளரின் மகனே சாட்சியமளித்தார். தந்தை கண்கலங்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். 2019 பெப்ரவரி 21ஆம் திகதி மறுதேர்தலுக்கு உத்தரவிடப்பட்டது. மோசடி மையங்கொண்டிருந்த இடம் பிளேடன் கவுண்டி, வைட் பிறந்த மண். டௌலஸ் வழக்கு விசாரணைக்கு முன்னரே 2022இல் காலமானார். ஹாரிஸ் 2024இல் 8ஆவது தொகுதியிலிருந்து காங்கிரசுக்குத் தெரிவானார். 905 வாக்குகளுக்காக நாடே கொதித்தது. கோட்டினால் இடம்மாறிய ஆசனங்களுக்காக அவ்வளவு கொதிப்பு எழுந்ததாகத் தெரியவில்லை.

2019 ஜூன் 27ஆம் திகதி உச்ச நீதிமன்றம், கட்சி நலனுக்காக எல்லை வரைவது பற்றிச் சமஷ்டி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என 5க்கு 4 எனத் தீர்த்தது. வழக்கு வட கரோலினாவினுடையதுதான். மாநில நீதிமன்றங்களை நாடலாம் என்று தலைமை நீதியரசர் ஜோன் றொபேர்ட்ஸ் வழி காட்டினார். அவ்வாறே நாடினார்கள். அவ்வாண்டே மாநில நீதிமன்றம் படத்தைத் தடுத்தது. 2020இல் 8க்கு 5. புதிய குடிசன மதிப்பீட்டில் ஆசனங்கள் 14 ஆகின. 2022 பெப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 எனச் சட்டசபையின் புதிய படத்தையும் நிராகரித்தது. நீதிமன்றம் ஏற்படுத்திய படத்தின்கீழ் அவ்வாண்டு நவம்பரில் 7க்கு 7. ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளவுண்ட மாநிலத்துக்குச் சரிபாதி ஆசனங்கள்.

அந்தச் சமநிலை ஒரு தேர்தலுக்கு மேல் நிலைக்கவில்லை. அம்மாநிலத்தில் நீதியரசர்களும் மக்கள் வாக்கினால் தெரிவு செய்யப்படுபவர்கள். அதே நவம்பரில் இரு நீதியரசர் பதவிகள் கைமாறின. 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம், அதே வழக்கை மீண்டும் கேட்டு, 5க்கு 2 எனத் தனது தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. சட்டத்தில் ஒரு சொல்லும் மாறியிருக்கவில்லை. ஒக்டோபரில் சட்டசபை புதிய படம் வரைந்தது. பதவியிலிருந்த மூன்று ஜனநாயகக் கட்சியினர் தமது தொகுதிகளில் வெல்ல வழியில்லை எனக் கண்டு போட்டியிடவில்லை. 6ஆவது தொகுதியில் அக்கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. 2024இல் 10க்கு 4.

அத்தேர்தலில் நாடு முழுவதும் குடியரசுக் கட்சி பெற்ற ஆசனங்கள் 220, ஜனநாயகக் கட்சி பெற்றவை 215. வட கரோலினாவில் கைமாறிய மூன்றையும் இடம்மாற்றிக் கூட்டிப் பாருங்கள்: 217க்கு 218. இலினோய் போன்ற மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியும் இதையே செய்திருக்கின்றது என்பதனால் இந்தக் கூட்டலைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆயினும் ராலேயில் கிழித்த ஒரு கோடு எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதற்கு இதைவிட எளிய கணக்கு இல்லை.

அந்த நால்வருள் ஒருவர் 1ஆவது தொகுதியின் டொன் டேவிஸ். இரண்டு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் தப்பியவர். ஈவா கிளேட்டன், ஃபிராங்க் பாலன்ஸ், ஜி.கே. பட்டர்ஃபீல்ட், டேவிஸ் என 1992 முதல் அத்தொகுதி இடையறாது கறுப்பினப் பிரதிநிதிகளையே அனுப்பி வந்திருக்கின்றது. 2025 ஓகஸ்டில் டெக்சாஸ், குடிசன மதிப்பீட்டுக்குக் காத்திராமல் தனது எல்லைகளை மாற்றியது. கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நவம்பரில் பதிலடி கொடுத்தது. இடையில், ஒக்டோபரில், வட கரோலினாச் சட்டசபை 1ஆவது தொகுதியை எடுத்துக்கொண்டது. கறுப்பின மக்கள் செறிந்த வில்சன், கிரீன், லெனோயர், வெய்ன் கவுண்டிகள் அயல் தொகுதிக்குச் சென்றன. கரையோரக் கவுண்டிகள் உள்ளே வந்தன. நோக்கம் 11ஆவது ஆசனமே, இனம் அல்ல என்று முன்மொழிந்தவர்கள் சொன்னார்கள். ஆளுநர் ஜொஷ் ஸ்டைன் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். அவரது ஒப்பம் தேவைப்படவில்லை.

நவம்பர் 26ஆம் திகதி மூன்று சமஷ்டி நீதிபதிகள் அப்படத்தைத் தடுக்க மறுத்தனர். வேட்புமனுத் தாக்கல் தொடங்க அப்போது ஐந்து நாட்களே இருந்தன.